கரடிக்குப் போட்ட மைசூர்பாகு

அவர் பொய் சொல்லமாட்டார். இதைப் பாராட்டாகச் சொல்கிறேன் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். வாயைத் திறந்தால் புளுகுகிற பத்துப் பேரை எனக்குத் தெரியும். அந்தப் பத்துப் பேர் மேலும் சேர்த்து எனக்கு இருக்கிற கோபத்தைவிட, பொய்யே சொல்லாத அந்த ஒரு மனிதர் மேல் இருக்கிற கோபம் அதிகம். அவரைப் பார்த்து மூன்று வருடம் ஆகிறது. இன்னும் ஆறவில்லை.

நியூ ஜெர்சியில் எடிசன் பக்கம் ஒரு ஸ்வீட் கடை. முன்னால் கடை, பின்னால் கிச்சன். கிச்சனில் நான் வேலை பார்த்தேன். அங்கே ஆள் நடந்து உள்ளே போகிற அளவுக்குப் பெரிய கூலர் ஒன்று உண்டு. பால், பன்னீர், தேங்காய்த் துருவல், வெண்ணெய் எல்லாம் அதற்குள்தான். அந்தக் கூலர் மாதத்துக்கு ஒரு தடவையாவது மக்கர் பண்ணும். அதை ரிப்பேர் பார்க்க வருகிறவர்தான் அவர். கோயம்புத்தூர்ப் பக்கத்துக்காரர், அறுபது வயது இருக்கும். பெயர் சொல்லப் போவதில்லை. நாங்களும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. நான் கோவில்பட்டிக்காரி, எனக்கு அவர் அண்ணாச்சி. கூட வேலை பார்த்த செல்வி மெட்ராஸ்காரி, அவளுக்கு அவர் கூலர் அண்ணா. அவருக்கு நாங்கள் இரண்டு பேருமே அம்மிணி.

ஒரு தீபாவளிக்கு முந்தின வாரம். கிச்சன் முழுக்கத் தட்டு தட்டாக ஆறிக்கொண்டிருக்கிறது. எங்கள் ஓனர் கூலர் கதவைப் பிடித்துக்கொண்டு நின்று கேட்டார்.

"சார், தீபாவளி வரைக்கும் தாங்குமா?"

"தாங்காதுங்க."

"என்ன சார் பொசுக்குன்னு சொல்லிட்டீங்க?"

"கேட்டீங்களே."

"ஏதாவது பண்ணி ஓட்டி விடுங்க சார், ப்ளீஸ்."

"பண்ணிப்போட்டேனுங்க. இருந்தாலும் தாங்காது."

தீபாவளிக்கு இரண்டு நாள் இருக்கும்போது அது நின்றது. ஓனர் போனில் கத்தினார். அவர் வந்து, அதே முகத்தோடு, வேறு ஒரு மோட்டாரைத் தூக்கி மாட்டிவிட்டுப் போனார். நான் அப்பவே சொன்னேனே என்று ஒரு வார்த்தை கிடையாது.

செல்வி ஒருநாள் முடியைத் தோள் வரைக்கும் வெட்டிக்கொண்டு வந்தாள். வீட்டுக்காரர் முதல் பால் கொண்டுவருகிற ஆள் வரைக்கும் சூப்பர் சூப்பர் என்று சொல்லியாகிவிட்டது. இவரிடமும் கேட்டாள்.

"கூலர் அண்ணா, எப்டி இருக்கு என் ஹேர் ஸ்டைலு?"

நிமிர்ந்து ஒரு நிமிடம் நன்றாகப் பார்த்தார். "முந்தி இருந்ததே நல்லா இருந்துதுங்க அம்மிணி."

"உங்க வீட்டு அம்மா எப்டிண்ணா உங்களோட குடித்தனம் பண்றாங்க?"

"சிரமப்பட்டுத்தானுங்க."

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். செல்விதான் நாலு நாள் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு முறுக்குப் பிழிந்தாள்.

என்னைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் அவரை நான் எதற்கு அவ்வளவு நம்பினேன் என்று புரியாது. நான் பயந்தவள். எட்டாவதோடு படிப்பை நிறுத்திவிட்டார்கள். படித்தவர்களுக்குப் பயம் வந்தால் போனில் தேடி, நாலு பக்கம் படித்து, ஒரு முடிவுக்கு வருவார்கள். எனக்குப் பயம் வந்தால் யாரையாவது கேட்டாக வேண்டும். கேட்டால் எல்லோரும் சொல்வது ஒரே பதில்: ஒண்ணும் ஆகாது. என் வீட்டுக்காரர் அதை டிவியிலிருந்து கண்ணை எடுக்காமலே சொல்வார். என் வாயை அடைக்கத்தான் சொல்கிறார்கள் என்று எனக்குத் தெரியாதா? அதனால் அந்தப் பதிலைக் கேட்டதும் பயம் கூடத்தான் செய்யும்.

கூலருக்குள் போய் மாட்டிக்கொள்வேன் என்பது எனக்கு ரொம்ப நாள் பயம். கதவு பின்னால் சாத்திக்கொண்டால்? வெளியே மெஷின் சத்தத்தில் நான் கத்துவது கேட்காவிட்டால்? வெண்ணெய் எடுக்கப் போகும்போதெல்லாம் கதவுக்கு முட்டுக்கொடுக்க ஒரு டப்பாவைக் காலால் தள்ளிக்கொண்டே போவேன். ஓனர் திட்டுவார். அண்ணாச்சியிடம் ஒருநாள் கேட்டேன்.

"கதவு சிக்கிக்குமா அண்ணாச்சி?"

"சிக்குமுங்க."

அவர் என்னைக் கூலருக்குள் வரச் சொன்னார். கதவின் உள்பக்கம் பச்சையாக ஒரு குமிழ் இருந்தது. "இதெத் தள்ளுனா வெளிய பூட்டியிருந்தாலும் தொறந்துக்குமுங்க. தள்ளிப் பாருங்க. இதுவும் கெட்டுப்போச்சுன்னா மாட்டிக்குவீங்க. ஆனா இது கெடறது அபூர்வம். மாசாமாசம் நானே பாக்கறேன்." அன்றிலிருந்து டப்பாவை விட்டுவிட்டேன். பனி கொட்டினால் பஸ் வருமா, அடுப்படியில் வருகிற வாசனை கேஸ்தானா, இடது கை மரத்துப்போனால் அது ஹார்ட்டா, எதுவானாலும் அவரிடம்தான். தெரிந்தால் சொல்வார். தெரியாவிட்டால் "தெரியாதுங்க, டாக்டரெக் கேளுங்க" என்பார். அவர் ஒண்ணும் ஆகாதுங்க என்று சொல்லிவிட்டால் எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கும். இந்த ஊரில் எனக்கு அப்படி ஒரே ஒரு ஆள்தான் இருந்தார்.

அவர்தான் ஒரு ஆகஸ்ட் மாதக் கடைசியில் காலி எண்ணெய்ப் பக்கெட் நாலைந்தைக் கொண்டுவந்து பின்வாசலில் அடுக்கினார்.

"ஓனர்கிட்டச் சொல்லிப்போட்டேனுங்க. ஒடஞ்ச இனிப்பு, தூளு, அடிப்பிடிச்ச பாகு, எதுவா இருந்தாலும் இதுல போட்டு வையுங்க. வாராவாரம் எடுத்துக்கறேன்."

"எதுக்கு அண்ணாச்சி?"

"கரடிக்குங்க."

இங்கிருந்து ஒன்றரை மணி நேரம் மேலே மலைப்பக்கம் போனால் காடு. அங்கே அவருக்குக் கொஞ்சம் இடம் உண்டு, ஒரு மரக் கொட்டகையும் உண்டு. கரடி வருகிறது, திங்கக் கொடுக்க வேண்டும் என்றார். அவ்வளவுதான் சொன்னார். நாங்களும் அவ்வளவுதான் கேட்டோம். தமிழ் ஆட்கள் என்றால் புரிந்துகொள்வார்கள்: ஒருத்தர் வாராவாரம் ஒன்றரை மணி நேரம் கார் ஓட்டிப் போய் ஒரு வாயில்லா ஜீவனுக்குத் தின்னக் கொடுத்துவிட்டு வருகிறார் என்றால் நமக்கு என்ன தோன்றும்? புண்ணியம் தேடுகிறார் என்றுதான் தோன்றும். வேறு எதுவும் தோன்றவே தோன்றாது. அங்கேதான் நான் கெட்டேன்.

மரத்தில் ஒரு கேமரா கட்டி வைத்திருந்தார். எது நடந்து போனாலும் அது தானாகப் படம் பிடித்து அவர் போனுக்கு அனுப்பிவிடும். இரண்டாவது வாரம் படத்தைக் காட்டினார். கன்னங்கரேலென்று ஒரு கரடி, அடிமரத்தில் கொட்டிக் கிடந்த ஜாங்கிரித் தூளுக்கு முன்னால் பின்னங்காலை நீட்டிப்போட்டு உட்கார்ந்திருக்கிறது. நெஞ்சில் மட்டும் வெள்ளையாக ஒரு கோடு, கீழே கூடி மேலே பிரிந்து.

"ஐயோ பெருமாளே!" என்று செல்வி கையிலிருந்த கரண்டியைப் போட்டுவிட்டாள். "நாமம் போட்டுக்கினு இருக்குது பாருக்கா! வடகலையாண்ணா, தென்கலையாண்ணா?"

"அதெல்லாம் எனக்குத் தெரியாதுங்க."

அன்றிலிருந்து அது நாமக்காரர். காலையில் வந்ததும் முதல் பேச்சு அதுதான். நாமக்காரர் வந்தாரா, என்ன சாப்பிட்டார், பாதுஷாவை ஒதுக்கிவிட்டாராமே. அதற்கு மைசூர்பாகுதான் உயிர் என்று நான்தான் படங்களைப் பார்த்துக் கண்டுபிடித்தேன். எல்லாவற்றையும் மூக்கால் தள்ளிவிட்டு அதை முதலில் தேடும். அதனால் பக்கெட் நிரம்பும்போது உடைந்த மைசூர்பாகை எடுத்து மேலாகப் பரப்பி வைப்பேன். உடையாத துண்டு நாலைந்து உடைந்ததும் உண்டு. என் கையால் உடைத்தேன். இதை நான் ஓனரிடம்கூடச் சொன்னதில்லை.

புரட்டாசி வந்தது. சனிக்கிழமை கடையில் சர்க்கரைப் பொங்கல் உண்டு. செல்வி உருளியின் அடியில் ஒட்டியதை எல்லாம் சுரண்டி, தனியாக ஒரு டப்பாவில் போட்டு, மேலே இரண்டு முந்திரியும் வைத்து, "அண்ணா, இது பெருமாளுக்கு, பக்கெட்ல கலந்துராதீங்க" என்று கொடுத்து அனுப்பினாள். அவர் வாங்கிக்கொண்டார். தனியாகத்தான் வைத்தார். அதற்கும் படம் வந்தது.

என் சுபாவம், எனக்கு நடுவில் பயம் வந்தது. பார்க்குக்குப் போனால் கரடிக்குத் தீனி போடாதே என்று போர்டு வைத்திருக்கிறார்களே. போலீஸ் வந்தால்? எங்கே வாங்கினாய் என்று கேட்டு இங்கே வந்துவிட்டால்? என் க்ரீன் கார்டு பேப்பரெல்லாம் அப்போதுதான் ஆபீஸில் கிடக்கிறது. கேட்டேன்.

"அண்ணாச்சி, கரடிக்குத் தீனி போடுதது தப்பு இல்லையா?"

"சும்மா போட்டா தப்புதானுங்க. நான் பண்றது தப்பில்லை. அதுக்குப் பேப்பர் இருக்குதுங்க."

பேப்பர் இருக்கிறதாம். எனக்கு அது போதும். கோயில் யானைக்குச் சோறு போடுவதற்குச் சீட்டு வாங்குகிற மாதிரி ஏதோ சீட்டு என்று நினைத்துக்கொண்டேன். என்ன பேப்பர் என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். மறைக்கிற ஆளே இல்லை அவர். அதை நினைத்தால்தான் எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது. ஒளித்து வைத்து ஏமாற்றியிருந்தால் நிம்மதியாகத் திட்டலாம். அவர் எதையும் ஒளிக்கவில்லை. கேட்கிற அளவுக்கு எங்களுக்குத் தெரியாது, அவ்வளவுதான். எங்களுக்குத் தெரியாது என்று அவருக்குத் தெரியாதா? நாமம் என்கிறோம், பெருமாள் என்கிறோம், முந்திரி வைத்துக் கொடுக்கிறோம். அந்த முந்திரியைப் பார்த்த பிறகாவது, அம்மிணி, விஷயம் இப்படி என்று தானாக வாயைத் திறந்திருக்க வேண்டாமா ஒரு மனிதர்?

தீபாவளி முடிந்து நவம்பர் பாதி. பக்கெட்டெல்லாம் வழிந்துகொண்டிருந்தது. அவர் கூலர் பின்னால் குந்தி உட்கார்ந்து கேஸ் அளவு பார்த்துக்கொண்டிருந்தார். செல்வி அவர் போனை வாங்கிப் படத்தைத் தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நாமக்காரரு நல்லா குண்டாயிட்டாரு. ஒரு பொண்ணு பாத்துறலாமா அண்ணா? எப்போ கல்யாணம் வெச்சிக்கலாம்?"

அவர் மீட்டரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "டிசம்பர்ல சீசன் தொறக்குமுங்க. மொத நாளே சுட்டுருவேன்."

செல்வி சிரித்தாள். நானும் கொஞ்சம் சிரித்தேன். அப்புறம் இந்த ஆள் விளையாட்டுக்குப் பேசுகிறவர் இல்லையே என்று எனக்கு உறைத்தது.

"என்ன சுடுவீங்க அண்ணாச்சி?"

"இதெத்தானுங்க. கரடியெ."

"பின்னே எதுக்கு இவ்வளவு நாளாத் தின்னக் குடுத்தீங்க?"

அவர் என்னை ஆச்சரியமாகப் பார்த்தார். "அதுக்குத்தானுங்க குடுக்கறது. போட்டுப் பழக்குனா அந்த எடத்துக்கு வந்து நிக்கும். கிட்டக்க உக்கோந்து சுடக் கூடாது, சட்டம். இத்தனை தூரம்னு இருக்குது. டேப்பு வெச்சு அளந்துதான் உக்கோந்து சுட மரத்து மேல ஆசனம் போட்டிருக்கறேன்."

"தப்பில்லைன்னு சொன்னீங்களே!"

"தப்பில்லைங்களே. வேட்டைக்கு லைசென்ஸ் இருக்குது."

சும்மா சோறு போட்டால் குற்றம். கொல்லுவதற்குப் போட்டால் குற்றமில்லை. இப்படி ஒரு கணக்கை என் எட்டாம் வகுப்பில் யாரும் சொல்லித்தரவில்லை. செல்வி போனை அவர் பெட்டி மேல் வைத்துவிட்டு, கழுவி வைத்திருந்த பாத்திரத்தையே திரும்ப எடுத்துக் கழுவப் போய்விட்டாள். நான்தான் நின்று சத்தம் போட்டேன். என்ன சொன்னேன் என்று முழுதாக நினைவில்லை. நம்பி வந்து சாப்பிடுகிற ஜீவன், பாவம், வயிற்றெரிச்சல், இப்படி ஏதேதோ.

முழுதையும் கேட்டுவிட்டு, "நீங்க கறி திங்கறதில்லைங்களா அம்மிணி?" என்றார்.

தின்கிறேன். ஞாயிற்றுக்கிழமை ஆட்டுக்கறி இல்லாமல் எங்கள் வீட்டில் பொழுது போகாது. ஊரில் சாமிக்கு நேர்ந்துவிட்ட கிடாவுக்கு அகத்திக்கீரை கட்டித் தொங்கவிட்டவள்தான் நானும். வீட்டுக்குப் போய் யோசித்ததில், கிடா நம் வீட்டில் கட்டிக் கிடப்பது, அது வேறு, இது தன் பாட்டுக்குக் காட்டில் இருந்தது, நாம் கூப்பிட்டு உட்கார வைத்தோம் என்று ஒரு பதில் கிடைத்தது. மறுநாள் அதைச் சொல்ல அவர் அங்கே இல்லை. அது நல்ல பதில்தானா என்பதும் எனக்கு இன்றுவரை தெரியவில்லை. பதில் இல்லாதவளுக்குக் கோபம் இரட்டிப்பாக வரும், வேறென்ன.

ஆனால் அன்றைக்கே ஒன்று கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

"கரடி குளிர்காலத்துல தூங்கிரும்னு சொல்லுதாங்களே அண்ணாச்சி?"

"ஆமாங்க. குளிர் எறங்குச்சுன்னா பொந்துக்குள்ள போய்ப் படுத்துக்கும். அப்பறம் வசந்தத்துலதான் வெளிய வரும்."

"இது எப்ப போய்ப் படுக்கும்?"

"தீனி கெடைக்கற வரைக்கும் போகாதுங்க."

அதாவது, என் பக்கெட் நின்றால் அது படுத்துவிடும். படுத்துவிட்டால் பிழைத்துவிடும். சீசன் திறக்க மூன்று வாரம் இருந்தது. அந்த மூன்று வாரத்துக்குள் நாமக்காரரைத் தூங்க வைத்தாக வேண்டும். எனக்கு அதைத் தவிர வேறு நினைப்பு இல்லை.

முதலில் ஓனரிடம் போனேன். இனிமேல் மிச்சத்தை அவருக்குக் கொடுக்க வேண்டாம், குப்பையில் போடலாம் என்றேன். ஓனர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "இந்தக் கூலரை வேற யாரும் தொட மாட்டேங்கறாங்க. அவரைப் பகைச்சுக்கச் சொல்றீங்களா? போய் லட்டு பிடிங்க." அங்கே அது முடிந்தது.

தீனியை நிறுத்த முடியாது. கெடுக்கலாம். மிளகாய்ப்பொடியைத்தான் முதலில் கையில் எடுத்தேன். வாய் எரியுமே, ஆற்றில் போய் மூஞ்சியைத் தேய்க்குமே என்று தோன்றியது, வைத்துவிட்டேன். அப்போதுதான் பெருங்காயம் நினைவுக்கு வந்தது. எங்கள் ஊரில் பெருங்காயத்தைக் கரைத்து வீட்டைச் சுற்றித் தெளிப்பார்கள், பாம்பு அண்டாது என்று. பாம்பை விடுங்கள், இந்த ஊரில் மனிதர்களே ஓடுவதை நான் பார்த்திருக்கிறேன். வந்த புதிதில் அபார்ட்மென்டில் ரசத்துக்குக் கட்டிப் பெருங்காயம் பொரித்தேன். கீழ்வீட்டு அம்மாள் கேஸ் கசிகிறது என்று கத்திக்கொண்டு குழந்தையைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு ஓடினாள். தீயணைப்பு வண்டி வந்தது. தலையில் தொப்பி வைத்த ஆறு பேர் என் ரசச் சட்டியைச் சுற்றி நின்று எட்டிப் பார்த்தார்கள். அப்படிப்பட்ட வாசனையைக் காட்டில் இருக்கிற மிருகம் தாங்குமா? சீ என்று போய்ப் படுத்துவிடும்.

ஓனர் இல்லாத நேரம் பார்த்துக் கட்டிப் பெருங்காயத்தை வெந்நீரில் ஊறவைத்துக் கரைத்தேன். பக்கெட்டுக்கு ஒரு சொம்பு. இனிப்பில் கையை விட்டு அடிவரைக்கும் பிசைந்தேன். செல்வி வாசலில் காவல். மூன்று நாள் சோப்பு போட்டும் என் விரலில் அந்த வாசனை போகவில்லை.

அவர் வந்தார். மூடியைத் திறந்தார். குனிந்து மோந்தார்.

"பெருங்காயமுங்களா?"

"காராபூந்தி கொட்டிருச்சு அண்ணாச்சி. தெரியாம கலந்துட்டுது."

நான் பொய் சொன்னேன். கூசாமல் சொன்னேன். அவர் மூடியைத் திரும்ப அழுத்திப் போட்டார். "பரவாயில்லீங்க. நல்லதுதான்."

நல்லதுதான் என்றாரே, எதற்கு நல்லது என்று நான் கேட்டிருக்க வேண்டும். பெருந்தன்மையாகச் சொல்கிறார் என்று நினைத்தேன். எத்தனை வருடமாக அவரைப் பார்க்கிறேன், பெருந்தன்மைக்கு ஒரு வார்த்தை பேசியிருக்கிறாரா? அடுத்த வாரமும் கரைத்தேன், இரண்டு சொம்பு.

அதற்கடுத்த தடவை அவரே போனை நீட்டினார். படத்தில் நாமக்காரர் மல்லாந்து கிடந்தார். நாலு காலும் மேலே. கொட்டின இடத்திலேயே முதுகைப் போட்டுப் புரண்டுகொண்டு. எனக்கு உயிரே போய்விட்டது. கொன்றுவிட்டேன், நானே விஷம் வைத்துக் கொன்றுவிட்டேன் என்று நினைத்தேன்.

"வயித்து வலியா அண்ணாச்சி?"

"இல்லீங்க. சந்தோசமுங்க. பெருங்காய வாசம் கரடிக்கு ரொம்பப் புடிக்கும். மேலெல்லாம் பூசிக்கும். இங்கத்த வேட்டைக்காரங்க இதெ எசன்ஸாப் பாட்டில்ல போட்டு விப்பாங்க. ரெண்டு மைல் தாண்டிக்கூட மோப்பம் புடிச்சுட்டு வந்துரும். முந்தியெல்லாம் நாளைக்கு ஒருக்கா வந்துது. இப்ப பகல்லயே ரெண்டு மூணு தடவை வருதுங்க."

நான் அரைச் சாக்கு கடலைமாவு மேல் உட்கார்ந்துவிட்டேன். இதைக்கூட அவர் நக்கலாகச் சொல்லவில்லை. நீ செய்ததற்கு வேண்டும் என்கிற தொனி துளி இல்லை. நான் கேட்டேன், அவர் சொன்னார்.

அப்போதுதான் நான் கெஞ்சினது. யாரிடமும் அப்படிக் கெஞ்சினதில்லை, ஓனரிடம் லீவு கேட்கும்போதுகூட.

"அதை விட்டுருங்க அண்ணாச்சி. உங்க காலைப் பிடிச்சுக் கேக்கேன். வேற எதையாச்சும் சுட்டுக்கோங்க. இதை மட்டும் விட்டுருங்க."

வேறு யாராவது என்றால் பார்க்கலாம் என்பார்கள், யோசிக்கிறேன் என்பார்கள். அப்படி ஒரு வார்த்தை கிடைத்திருந்தால் பத்து நாள் அதைப் பிடித்துக்கொண்டு கிடந்திருப்பேன்.

"மாட்டேனுங்க அம்மிணி," என்றார்.

திங்கட்கிழமை சீசன் திறந்தது. செவ்வாய்க்கிழமை கூலர் கதவு ரப்பர் மாற்ற வருவதாகச் சொல்லியிருந்தார். வரவில்லை. எனக்கு ஒரு சின்ன நம்பிக்கை வந்தது. ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. குண்டு குறி தவறியிருக்கலாம், பனியில் கார் நின்றிருக்கலாம், அது படுத்தே போயிருக்கலாம். செல்வி சாமி படத்துக்கு முன்னால் ஒரு முழுத் தேங்காய் வைத்திருந்தாள்.

புதன்கிழமை மத்தியானம் வந்தார். செல்வி அவரைப் பார்த்ததும் கடைப்பக்கம் போய்விட்டாள். நான் போகவில்லை. அவர் பழைய ரப்பரை உரித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் போய் நின்றேன்.

"நேத்து ஏன் வரலை?"

"தேட வேண்டியதாப் போச்சுங்க. திங்கக்கெழமை சாயந்தரம் சுட்டது. இருட்டுக் கட்டிருச்சு, ரத்தத்தெப் புடிச்சுட்டுப் போக முடியலை. நேத்து மத்தியானந்தான் கெடச்சுது. ஓடையெத் தாண்டி, ரொம்ப தூரம் போயிருந்துது."

நான் அழவில்லை. எல்லாவற்றையும் கேட்டுவிடுவது என்று இருந்தேன். இந்தத் தடவை ஒன்றையும் கேட்காமல் விடுவதாக இல்லை.

"எப்படி வந்துச்சு?"

"நேரா வந்துதுங்க. வழக்கமா அப்படி வராது. காத்து வர்ற பக்கமாச் சுத்தி, மனுச வாசம் அடிக்குதான்னு பாத்து, நின்னு நின்னுதான் வரும். அன்னைக்கு ஒருக்காலும் நிக்கலை."

"ஏன் நிக்கலை?"

"பெருங்காய வாசந்தானுங்க. அதெ மீறி என்ற ஒடம்பு வாசம் கரடிக்குத் தெரியலை."

அவர் புது ரப்பரை வைத்து, ஒரு ஸ்க்ரூவை எடுத்தார். என் கையில் அப்போது பூந்திக் கரண்டி இருந்தது. அதை அவர் தலையில் போட்டிருப்பேன், கை எழவில்லை. மூன்று மாதம் என் கையால் ஊட்டி, கடைசியில் என் கையாலேயே கண்ணைக் கட்டியும் விட்டிருக்கிறேன். இதை இவர் சொல்லாமல் விட்டிருக்கலாமே. தெரியலைங்க என்று ஒரு வார்த்தை. அதைச் சொன்னால் என்ன குறைந்துவிடும்?

கடைசியாக ஒன்று பாக்கி இருந்தது.

"வலிச்சிருக்குமா அண்ணாச்சி?"

அவர் ஸ்க்ரூவைத் திருகுவதை நிறுத்தினார். திரும்பி என் முகத்தைப் பார்த்தார். அவ்வளவு நேரம் அவர் என்னைப் பார்க்கவே இல்லை. என்ன தெரிந்ததோ, பார்வையைத் தரைக்கு இறக்கிக்கொண்டார்.

"இல்லீங்க அம்மிணி. நின்ன எடத்துலயே போயிருச்சு."

ஓடையைத் தாண்டிக் கிடைத்தது என்று சொல்லி ஐந்து நிமிடம் ஆகியிருக்காது. அது அவருக்கும் அந்த நொடியிலேயே உறைத்துவிட்டது, முகத்தில் தெரிந்தது. என்னைப் பார்த்து இரக்கப்பட்டு, வாழ்க்கையில் முதல் தடவையாக, எனக்காக ஒரு பொய் சொல்லிவிட்டார். கரடிக்காக நான் கெஞ்சினபோது ஒரு பொய் இல்லை. என்னைத் தூங்க வைக்க ஒன்று. இனிமேல் இந்த மனிதர் எனக்கு ஒண்ணும் ஆகாதுங்க என்று சொன்னால், அதுவும் டிவியைப் பார்த்துக்கொண்டு சொல்கிற பதில்தான். அதையும் பிடுங்கிக்கொண்டார்.

கையிலிருந்த ஸ்க்ரூ நழுவி விழுந்தது. மண்டி போட்டு, தரையைத் தடவித் தடவித் தேடினார். அது என் செருப்புக்குப் பக்கத்தில்தான் கிடந்தது. நான் எடுத்துக் கொடுக்கவில்லை.